தலைவர் கல்லறைப் பாலம்

மாவட்டத்தில் அரசியல்வாதிகளைப் புதைத்த கல்லறைத் தோட்டங்கள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் அவரவர் கல்லறையிலிருந்து ஏதாவது ஒன்று முளைத்திருக்கிறது. வடக்குத் தோட்டத்தில் ரயில் நிலையத்தின் நடைமேடை, ஒரு மர பெஞ்சோடும் ஓடாத கடிகாரத்தோடும். சந்தைத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி. கால்கள் நாலும் பழுதில்லாமல் வந்துவிட்டன, மேலே தொட்டி இன்னும் வரவில்லை. மேட்டுத் தோட்டத்தில் ஒரு கல்லூரியின் வாசல் மட்டும் நிற்கிறது, ஆடுகள் அதன் வழியாக முறையாக உள்ளே போய் வெளியே வருகின்றன. நான்காமவர் மனு கொடுக்க வருகிறவர்களுக்காக ஒரு கூடம் கட்டித் தருவதாகச் சொன்னவர். அவர்மேல் நாற்காலிகள் முளைத்தன, எல்லாமே ஒரு கால் குட்டை. ஊர்க்கோடித் தோட்டத்தில் முளைத்தது பாலம். முதலில் தொடங்கியதும் அதுதான். மற்றவர்கள் வழக்கம்போல அதைப் பார்த்துத் தொடங்கினார்கள்.

இதற்குக் காரணம் கல் கிடைக்காத மண். அந்த மாவட்டம் முழுக்கக் களிமண். வீடு செங்கல்லில் கட்டிவிடலாம், ரோட்டைக் கூட எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், ஆனால் கல்லறைக்கு நட ஒரு பலகைக் கல் வேண்டுமென்றால் இரண்டு மாவட்டம் தாண்டிப் போக வேண்டும். அதனால் அங்கே கல்லை யாரும் வீணாக்குவதில்லை. வீணாகக் கிடந்த கல்லெல்லாம் அடிக்கல்தான். தேர்தலுக்குத் தேர்தல் நட்டுவிட்டுப் போன அடிக்கற்கள் புதரிலும் வாய்க்கால் ஓரத்திலும் சாய்ந்து கிடந்தன. முதன்முதலில் ரயில் நிலையம் தருவதாகச் சொன்னவரின் மனைவிதான், புருஷன் செத்த கையோடு, அவர் நட்ட அடிக்கல்லையே பெயர்த்துக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். பெயர் ஏற்கெனவே வெட்டியிருந்தது, பட்டம் வெட்டியிருந்தது, இறந்த தேதி ஒன்றைச் சேர்த்தால் முடிந்தது வேலை. சிக்கனமான பொம்பளை என்று ஊர் மெச்சியது. அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவரை எல்லோரும் தலைவர் என்றே அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்பார், ஜெயிப்பார். வேறு மாதிரி நடந்ததில்லை. நல்ல குரல். மைக் இல்லாமலே ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். அக்கரையில்தான் பெரிய ஆஸ்பத்திரி, நெல் ஆலை, கோர்ட்டு எல்லாம் இருந்தன. போக ஒரே வழி படகு. ஒரு கோடைக்காலத்தில் தலைவர் படகுத்துறைக்குப் பக்கத்தில் கொத்துக்கரண்டியால் கொஞ்சம் கலவையை எடுத்துப் பூசி, அடிக்கல்லை நட்டு, புகைப்படத்துக்குச் சிரித்தார். கலவை காய்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. பிறகு அந்தக் கல்மேல் படகுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார வசதியான கல் என்று தலைவருக்கு நன்றியும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தது. சந்தை முடிந்து வந்த பலர் போனார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த படகுக்காரக் குடும்பத்தின் மூத்த மகனும் போனான். தலைவர் அன்றே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார். அடுத்த வருஷம் இந்த இடத்தில் பாலம் இருக்கும் என்றார். அடுத்த வருஷம் தேர்தல் இருந்தது. முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். யார் போட்டார்கள் என்று பின்னாளில் கேட்டால், ஊரில் யாருமே போடவில்லை.

தலைவருக்கு ஒரே மகள். தையல்காரி. அப்பா காரில் போகும் தெருவிலேயே ஒரு சின்னக் கடை போட்டுப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தாள். கவிழ்ந்த படகுக்காரக் குடும்பத்தின் இளைய மகனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்திருந்தது, செய்துகொண்டாள், அவ்வளவுதான் அவளுடைய விளக்கம். தலைவர் கல்யாணத்துக்கு வந்து நெடுநேரம் பேசி, படகுத்துறைக்குக் கூரை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மணப்பெண் தலையை நிமிர்த்தவில்லை. நாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புகுந்த வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார், வேலைக்குப் போகும்போது குடையை எடுத்துக் கையில் கொடுப்பார், அதற்கு மேல் பேச்சில்லை. மூத்த பிள்ளையின் படம் மாட்டிய சுவரை மருமகள் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று தையல்காரிக்கு இருந்தது. திட்டினால் பதிலுக்கு அழவாவது செய்யலாம். இப்படிக் குடையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாமியாரின் முகத்தை அவள் நேராகப் பார்த்ததே இல்லை.

தலைவர் ஒரு மேடையில், பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டது. கல்வெட்டுகிறவர் மகளிடம் வந்து, புதுக் கல் வருவதற்கு மழைக்காலம் முடிய வேண்டும் என்று சொன்னார். "ஆத்தோரம் கிடக்குதே, அந்தக் கல்லையே வெச்சிடலாம்மா. பேரு நல்லா எடுப்பா இருக்கு, நான் வெட்டினதுதான். செத்த தேதியை மட்டும் கீழ சேர்த்துடறேன்." அவள் உடனே சரி என்றாள். சிக்கனம் பாதிதான் காரணம். இந்தக் கல்லை உங்கள் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுங்கள் என்ற கோபம் மீதிப் பாதி. அன்றைக்கு அது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

முதல் மழைக்கே கல்லின் அடியிலிருந்து ஒரு தளம் கிளம்பியது. ஒரு பஸ் போகிற அகலம், நல்ல கெட்டியான கான்கிரீட், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். தோட்டத்துக் காவலர் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கடப்பாரையால் இடித்துப் பார்த்தார், கடப்பாரைதான் வளைந்தது. அரசாங்கக் கட்டுமானம் இவ்வளவு உறுதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. அது வளைந்து மேலேறிச் சுற்றுச்சுவரைத் தாண்டியது. முதல் தூண் மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் இறங்கியது. அவர் வாசலைப் பக்கச்சுவருக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பாலம் கடைத்தெருவுக்கு மேலே வந்து தையல்கடையை நிழலாக்கியது. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நிழலா இருக்கு, நல்லதுதான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் துணியை நீட்டுவார்கள். அவள் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து தேடுவது போல மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருப்பாள். ஊரில் தலை காட்ட முடியவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள்; அவளுக்கோ தலைக்கு மேலேயே அது நீண்டுகொண்டிருந்தது.

அவள் கணவர் படகுக்காரர், வாய் சும்மா இருக்காத மனிதர். பாலம் வந்தால் முதலில் பிழைப்புப் போகிறவர் அவர்தான். "பயப்படாதே," என்று மனைவியைத் தேற்றினார். "உங்கப்பா ஆரம்பிச்ச வேலை, எங்க முடியப் போகுது?" அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை துறையிலிருந்து பார்த்தவர், பாலம் ஒரு கை நீளம் வளர்ந்திருப்பதைக் கண்டார். அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தார். படகில் புருஷனை இழந்த ஒருத்தி கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் மகனுடைய சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போன நாளில் அது நீண்டது. பழைய கூட்டத்துப் பேச்சை யாரோ ஒலிபெருக்கியில் போட்டு, அவள் ரோட்டோரம் கூனிக் குறுகி நின்ற நாளில் இன்னும் நீண்டது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்த நாட்களில் அசையவே இல்லை. தன் பெண்டாட்டியின் வெட்கத்தைத் தின்றுதான் அது வளர்கிறது என்று அவருக்கு விளங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

வருடங்கள் போயின. பாலம் வீடுகளைத் தாண்டி, வயலைத் தாண்டி, துறைக்கு மேலே வந்து, ஆற்றுக்குள் தூண்களை இறக்கியது. நடு ஆறு வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் ஒரு நாள், நனைத்து உலர்த்த வேண்டிய சட்டைத்துணி நிறையச் சேர்ந்துவிட்டது, கொடியில் இடமில்லை. தையல்காரி கடையின் மாடிப்படி வழியாக ஏறிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் துணிகளை விரித்துவிட்டு வந்தாள். விரித்த பிறகுதான் அது யாருடைய பாலம் என்று நினைவு வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல வெயில், துணி சீக்கிரம் காய்ந்தது. மனது எத்தனை நாளைக்குத்தான் ஒன்றையே சுமக்கும்? அவளுக்குப் பழகிவிட்டது.

ஊருக்கு இது பெரிய இடியாக இருந்தது. நடு ஆறு வரை வந்த பாலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குதிக்கலாம், அவ்வளவுதான். டீக்கடையில் ஆளாளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, படகுக்காரருக்கு நாக்கு அரித்தது. இத்தனை வருடம் அடக்கி வைத்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் மூவரும் டீயை முடிக்காமலே எழுந்து தையல்கடைக்குப் போனார்கள்.

"தப்பா நினைச்சுக்காதம்மா," என்று டீக்கடைக்காரர் தொடங்கினார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஊர் நல்லதுக்குத்தான் கேக்கறோம். நீ கொஞ்சம்... வெட்கப்பட்டா நல்லாருக்கும்."

"முயற்சி பண்றேண்ணா," என்றாள் அவள்.

உண்மையாகவே முயன்றாள். அப்பாவின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து, பட்ட அவமானத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். வராத தும்மலை வரவழைப்பது போல இருந்தது. கடைசியில் ஊரே முடிவு செய்தது: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பாலத்தின்மேல் கூட வேண்டும், ஆளுக்கு நாலு வார்த்தை அவளை முகத்துக்கு நேரே திட்ட வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். பாலம் அக்கரையைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகாவது அத்தையின் முகத்தை நேராகப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. அதைக் கணவரிடம் கூடச் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் ஒரு நாற்காலியைச் சுமந்து வந்து பாலத்தின் நுனியில் போட்டார். அவள் வெற்றுவெளிக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள். கீழே படகுக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று, நாற்காலிக்குச் சற்றே அப்பால், திறந்த தண்ணீரில் படகை நிறுத்திக்கொண்டு வெயிலில் காய்ந்தார். தன் வாயால் வந்த வினை என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மேலே வரிசை நின்றது. மருந்துக்கடைக்காரர் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்: "உங்கப்பன் ஒரு மனுஷனா? நீயெல்லாம் எந்த முகத்தோட..." அதற்குமேல் மறந்துவிட்டது. தன் கால்சட்டைக்கு விளிம்பு மடித்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். டீக்கடைக்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் "சாரிம்மா" என்றுதான் ஆரம்பித்தார்கள். பாலம் அசையவில்லை.

கண்டக்டர் ஒருவர்தான் உருப்படியாகத் திட்டினார். தினமும் மூன்று நேரம் ஆட்களைத் திட்டுவது அவர் தொழில். தலைவரில் தொடங்கி, தாத்தாவுக்குப் போய், அவள் தைத்த சட்டைக்குப் பொத்தான் நிற்காது என்பது வரைக்கும் வந்தார். கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கண்ணில் நீர் நிறைந்தது, ஆனால் அது வலி, வெட்கமில்லை. கண்டக்டர் அதைப் பார்த்தார். வாய் நின்றது. அவருடைய பிள்ளைகளின் சட்டைகளுக்கு அவள்தான் பல வருடமாகப் பொத்தான் வைத்துக் கொடுக்கிறாள், அதில் ஒன்று கூட அறுந்ததில்லை. அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அப்போது நுனியிலிருந்து கொஞ்சம் ஜல்லி தண்ணீரில் உதிர்ந்தது. பாலம் ஒரு விரல் அளவு நீண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கடைசியாக மாமியாரை அழைத்து வந்தார்கள். ஊரின் நம்பிக்கையெல்லாம் அவர்மேல்தான். பிள்ளையை இழந்தவர், இத்தனை வருடம் வாய் திறக்காதவர், திறந்தால் பாலம் அடுத்த மாவட்டத்துக்கே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மெதுவாக நடந்து வந்து மருமகளுக்கு எதிரே நின்றார். தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செருப்புகளை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன சொல்லித் திட்டணும்னு சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினாங்க. மறந்துபோச்சு," என்றார் மாமியார். "என் பெரியவன் போன அன்னைக்கு உங்கப்பா வந்தாரு. சேத்துல நின்னு என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. அவ்வளவு பெரிய மனுஷன் நம்ம கையைப் புடிச்சாரேன்னு எனக்கு ஒரு... என்னன்னு சொல்லுவேன், பெருமையா இருந்துச்சுடி. புள்ளை செத்துக் கிடக்கான், எனக்குப் பெருமையா இருந்துச்சு. அடுத்த தேர்தல்ல அவருக்கே போட்டேன். என் வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லலை, போய்ப் போட்டுட்டு வந்தேன். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். நீ கேட்டுடுவியோன்னு பயம். அதான் பேசவே மாட்டேன்."

கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து கண்டக்டரின் குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது: "நானும்தான் போட்டேன்." மருந்துக்கடைக்காரர் தானும் என்றார். தலைவர் ஊர்வலத்துக்கு டீ போட்டுக் கொடுத்ததை டீக்கடைக்காரர் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கவிழ்ந்த படகில் புருஷனை இழந்தவள் கூட்டத்தின் பின்னாலிருந்து, தலைவர் மேடையில் தனக்கு ஒரு சேலை கொடுத்தார் என்றும் அதை இன்னும் உடுத்துவதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்தால் தேவலை என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்ட ஒரு பெண்ணை நாற்காலி போட்டு உட்காரவைத்தது வேறு இப்போதுதான் உறைத்தது.

கீழே படகில் இருந்தவருக்குத் திடீரென்று வெயில் தெரியவில்லை. மேகம் என்று நினைத்து அண்ணாந்தார். தலைக்கு மேலே பாலம் இருந்தது. படகுக்கு அப்பாலும் இருந்தது. எந்த அவசரமும் இல்லாமல், மாவு பிசைந்து தேய்ப்பது போல, அது ஆற்றின்மேல் நீண்டு போய்க்கொண்டிருந்தது. தூண்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"திரும்பிப் பாருடி," என்றார் மாமியார்.

அவள் திரும்பவில்லை. முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அந்த மௌனத்தைத் தன்மேல் சுமத்திய குற்றமாகவே நினைத்து, அந்த அம்மாளிடம் ஒரு நாளாவது "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்டிருக்கலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது, முகமெல்லாம் சுட்டது. பாலம் மிச்சமிருந்த தூரத்தையும் கடந்து அக்கரை மண்ணில் உட்கார்ந்தது.

திறப்பு விழா நடத்தவில்லை. ரிப்பன் வாங்கலாமா என்று யாரோ கேட்டார், அவரோடு கொஞ்ச நாள் யாரும் பேசவில்லை. மூத்த பிள்ளை போனதிலிருந்து ஆற்றைக் கடக்காதிருந்த மாமியார், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தார். வரும் வழியில் நடு ஆற்றில் நின்று, காலால் தளத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லை, கெட்டியாத்தான் இருக்கு," என்றார். படகுக்காரர் படகை விற்காமல் பாலத்துக்கு அடியில் கட்டிப் போட்டிருக்கிறார். காரணம் கேட்டால், தேர்தல் வருமில்லையா என்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் கூட்டம் போட்டுப் பலமாகக் கைதட்டினால், அக்கரை முனை ஒரு சாண் பின்வாங்கிவிடுகிறது. ஒரு பலகை போட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கும். ஓட்டு எண்ணி முடித்து, ஊர் தன்னைத் தானே கொஞ்சம் நொந்துகொண்ட பிறகு அது பழையபடி வந்து சேர்ந்துகொள்ளும்.

பாலம் கல்லறையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள் தோட்டத்து வாசல் வழியாக நுழைந்து, தலைவரின் கல்லைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். பஸ்ஸுக்காக வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பாலம் முடிந்த புதிதில் கல்வெட்டுகிறவர் உளியோடு வந்தார். அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது, கட்டி முடித்தவர் பெயரையும் கீழே வெட்டிவிடலாமே, யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் தரையைப் பார்த்துவிட்டு, உளியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கல்லின் கீழ்ப்பாதி அப்படியே வெறுமையாக இருக்கிறது. காலையில் முதல் பஸ் ஏறும்போது கண்டக்டர் அந்த இடத்தில் மட்டும் யாரையும் திட்டுவதில்லை.